மூளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாமா?

தலித் மாணவர் ஒருவர் கல்வி வளாகத்தில் தற்கொலையால் உயிரிழந்தால், ‘அவருக்கு ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தது’ என்ற விளக்கம் விரைந்து வந்துவிடுகிறது. ‘கெமிக்கல் இம்பேலன்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்துகொண்டால் விசாரணை நிறுவனத்தின் வாசலிலிருந்து நகர்ந்து, இறந்தவரின் மூளைக்குள் முடிந்துவிடும். அச்சொல்லுக்கு அறிவியலில் எவ்வளவு இடமுண்டு?

நரம்பணுக்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்களே நரம்புக்கடத்திகள். செரடோனின், டோபமின், நார்அட்ரினலின் ஆகியவை மனநிலை, ஊக்கம், விழிப்பு எனப் பலவற்றில் பங்காற்றுகின்றன. ஆயினும் ஒன்றுக்கு ஒரு வேலை என்று பிரித்துவிட இயலாது. உடலின் செரடோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் உள்ளது.

1950களில் காசநோய்க்குத் தரப்பட்ட இப்ரோனியாசிட், நோயாளிகளின் மனநிலையை உயர்த்துவது தற்செயலாகத் தெரியவந்தது. நரம்புக்கடத்திகளைச் சிதைக்கும் நொதியை அது தடுத்தது. எனவே அவற்றின் குறைபாடே மனச்சோர்வு என்ற ஊகம் பிறந்தது. 1965இல் ஜோசப் ஷில்ட்கிராட் நார்அட்ரினலினையும், 1967இல் அலெக் காப்பன் செரடோனினையும் முன்வைத்தனர். 1987இல் அமெரிக்காவில் புரோசாக் ஒப்புதல் பெற்றது; பின்னர் வந்த மருந்து விளம்பரங்கள் ஊகத்தை உண்மையாகவே பரப்பின. சுக்குப் பற்று தலைவலியைத் தணிப்பதால், உடலில் சுக்கு குறைந்தே தலைவலி வந்தது என்று எவரும் வாதிடுவதில்லை. மேலும், இம்மருந்துகள் செரடோனின் அளவைச் சில மணிநேரத்தில் மாற்றுகின்றன. நிவாரணமோ சில வாரங்கள் கழித்தே வருகிறது. குறைபாட்டுக் கருத்துக்கு உறுதியான சான்றில்லை என்று ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினரின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கூறியது. உளமருத்துவர் சிலர் அதை மறுத்தும் எழுதினர். மருந்து பயனற்றது என்பதல்ல இதன் பொருள். பலருக்கு அது உதவுகிறது. மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவது ஆபத்து.

மூளையின் வேதியியல் தானாக இயங்கும் தனித்தீவன்று. அச்சுறுத்தலை உணர்ந்ததும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரீனல் சுரப்பி என்ற தொடர் இயங்கி கார்ட்டிசால் சுரக்கிறது. விடுதியிலும் வகுப்பிலும் இழிவு நாள்தோறும் தொடர்ந்தால் அத்தொடர் ஓய்வதில்லை. உறக்கமும் நினைவாற்றலும் குலைகின்றன. ஆகவே ஒருவரின் மனச்சோர்வு சாதிக்கொடுமைக்கு எதிர்ச்சான்று ஆகாது. அதன் தடயமாகவும் அது இருக்கலாம்.

நீதிமன்றத்தில் இது வெறும் தத்துவமன்று. இறந்தவர் இயல்புக்கு மீறிய மென்மனத்தினரா என்ற கேள்வியை, ஓரிலால் ஜெய்ஸ்வால் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் எழுப்பியது. ஆனால் அங்கு பேசப்பட்டவை குடும்ப வாழ்வின் சாதாரணப் பிணக்குகள். சாதி வசையை அந்தப் பட்டியலில் சேர்க்க எவருக்கும் உரிமையில்லை. சமூக நிலையை வைத்தோ, சமூக மதிப்பீடுகளுக்கு இணங்காமையை வைத்தோ ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. முன்பு சிகிச்சை பெற்றது மட்டுமே இன்றைய மனநோய்க்குச் சான்றாகாது என்பதும் அதே பிரிவுதான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் என்றே 115ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது.

எனவே மருத்துவச் சீட்டை நிர்வாகம் நீட்டினால், அதை மறுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அதன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய மாதங்களின் புகார் மனுக்கள், உதவித்தொகை நிலுவை, விடுதி மாற்ற ஆணை, வழிகாட்டிப் பேராசிரியருடனான மின்னஞ்சல்கள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். உயிரோடு தவிக்கும் நண்பருக்கோ உடனே டெலி மானஸ் 14416 எண்ணைக் கொடுங்கள், உடன் இருங்கள்.