பேரனிடம் தமிழ் பேசாதே என்றாள் மகள்!

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக, 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் உள்ள நியூஜெர்சிக்குப் போயிருந்தேன். மூத்த பேரனுக்கு ஏழு வயது. அந்தக் கோடையில்தான் அவர்கள் திருநெல்வேலியிலிருந்து அங்கே குடிபோயிருந்தார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள அரசுப் பள்ளியில் பேரனை இரண்டாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள்.

போய் இறங்கிய அன்றே மகள் சொன்னாள்: "அம்மா, நீ கோபிச்சுக்கக் கூடாது. பையன்கிட்ட தமிழ்ல பேசாதே. அப்பத்தான் அவனுக்கு இங்கிலீஷ் சீக்கிரம் வரும்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷே 'யெஸ், நோ, தேங்க் யூ' தான். அதை வைத்துக்கொண்டு பேரனிடம் என்ன பேசுவது? பேசாமல் அடுப்படியோடு இருந்துவிட்டேன்.

ஊரில் தெருவையே கலக்கிக்கொண்டிருந்த பிள்ளை, அங்கே வாயே திறக்கவில்லை. ஒரு நாள் நனைந்த டிரவுசரோடு வந்து நின்றான். விசாரித்தால், நம் ஊர்ப் பழக்கப்படி சுண்டுவிரலைக் காட்டியிருக்கிறான். அந்த டீச்சருக்கு அது என்னவென்று புரியவில்லை. திரும்பக் கேட்க இவனுக்கும் கூச்சம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னொரு நாள் கணக்குத் தாளில் அத்தனையும் தப்பு. மகளைக் கூப்பிட்டு ஒரு கணக்கு என்னவென்று கேட்டேன். ஒருவனிடம் 15 பந்து, இன்னொருவனிடம் 9 பந்து. இவனிடம் எத்தனை குறைவு? அவ்வளவுதான். நான் மகளின் தடையை மறந்து, "ஏலே, உன்கிட்ட 15 லட்டு, தம்பிகிட்ட 9 லட்டு. தம்பிக்கு எத்தனை குறைச்சல்?" என்றேன். "ஆறு, ஆச்சி!" என்று உடனே பதில் வந்தது.

பிள்ளைக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. கேள்விதான் புரியவில்லை!

இதைப் பார்த்ததும் மகள் அழுதுவிட்டாள். பிறகுதான் உண்மையைச் சொன்னாள். பள்ளியில் சேர்க்கும்போது, 'குழந்தை முதலில் பேசிய மொழி எது? வீட்டில் பேசும் மொழி எது?' என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். "தமிழ்னு எழுதினா மந்தமான பிள்ளைங்களோட தனியா உட்கார வச்சுடுவாங்க" என்று யாரோ தோழிகள் பயமுறுத்த, எல்லாவற்றுக்கும் 'இங்கிலீஷ்' என்று எழுதிவிட்டாளாம்.

மறுநாளே பள்ளிக்குப் போனோம். யாரும் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "பாட்டிக்குத் தமிழ் தெரிந்தவரைப் போனில் அழைத்து மொழிபெயர்க்கச் சொல்லவா?" என்றுகூடக் கேட்டார்கள். மகளே எடுத்துச் சொன்னாள்.

அந்தப் படிவம் பிள்ளையைத் தரம் பிரிக்க அல்லவாம். வேறு மொழி பேசும் பிள்ளை என்று தெரிந்தால், கேட்பது, பேசுவது, படிப்பது, எழுதுவது என நான்கிலும் சோதித்து, தேவையென்றால் இங்கிலீஷுக்குத் தனி உதவி தருவார்களாம். காசு கிடையாது. வேண்டாம் என்று சொல்லப் பெற்றோருக்கு உரிமையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரின் சீனப் பிள்ளைகள் ஏறக்குறைய 1,800 பேருக்கு இந்த உதவி கிடைக்காமல், பெற்றோர் வழக்குப் போட்டார்கள். 'புரியாத பிள்ளைக்கும் புரிகிற பிள்ளைக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் அது சமம் ஆகாது' என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974ல் தீர்ப்பளித்தது. இன்று அமெரிக்க அரசுப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி இங்கிலீஷ் கற்கிறார்கள். பத்தில் ஒரு பிள்ளை! இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கடைசியாக அந்த டீச்சர் சொன்னதுதான் என் வயிற்றில் பால் வார்த்தது. "வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். தமிழில் புரிந்துகொண்டதற்கு இங்கிலீஷில் பெயர் தெரிந்தால் போதும். எதுவுமே புரியாத பிள்ளைக்குத்தான் இரண்டு வேலை."

அன்றிரவே பாட்டி வடை சுட்ட கதையை ஆரம்பித்துவிட்டேன். மறுநாள் பள்ளியில் பேரன் அந்தக் கதையைப் படமாக வரைந்திருக்கிறான். வட்டமாக, நடுவில் ஓட்டை. 'டோனட்டா?' என்று டீச்சர் கேட்டிருக்கிறார். வந்ததே கோபம் இவனுக்கு! "நோ! திஸ் இஸ் வடை!" என்றானாம். வகுப்பில் அவன் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று டீச்சர் சிரித்துக்கொண்டே மகளிடம் சொன்னாராம்.

பிப்ரவரியில் நான் ஊருக்குத் திரும்பும்போது விளையாட்டு இங்கிலீஷ் ஓரளவு வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இன்னும் தடுமாறினான். அதற்காக மகள் இப்போது பதறுவதில்லை. விளையாடும்போது பேசும் பேச்சு இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்தின் மொழி கைவர ஐந்து வருடமோ அதற்கு மேலோ ஆகும் என்று கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர் பல வருடங்களுக்கு முன்பே ஆராய்ந்து சொல்லியிருக்கிறாராம்.

சகோதரிகளே! உங்கள் மகளோ மருமகளோ பிள்ளைகளோடு அமெரிக்கா போகிறார்களா? பள்ளிப் படிவத்தில் தமிழ் என்றே எழுதச் சொல்லுங்கள். பாத்ரூம் போக, தண்ணீர் குடிக்க, 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்ல, இந்த மூன்றையும் இங்கிருந்தே பழக்கி அனுப்புங்கள். போனில் பேசும்போது பேரப்பிள்ளைகளிடம் தமிழிலேயே கதை சொல்லுங்கள். நாம் பேசும் தமிழ் அவர்கள் படிப்பைக் கெடுக்காது, கைகொடுக்கும்.

இப்போது ஞாயிறுதோறும் பேரன் போன் செய்கிறான். "ஆச்சி, கதை சொல்லு" என்கிறான். அதை இங்கிலீஷில் தம்பிக்குச் சொல்வது அவன் பொறுப்பாம்!

— ஒரு வாசகி, திருநெல்வேலி.