கரையும் உடலும் பூட்டிக்கொள்ளும் இடம்

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்களைத் தடுக்கிவிடும் கணக்கு ஒன்று உண்டு. வரிசைக்கு 9 துண்டுகள் என்றால் 8 தையல்கள். தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டிய இடத்தில், தையலின் இரு பக்கத்திலும் துண்டுக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிப்போனாலும், வரிசை முடியும்போது 1 அங்குலம் குறைந்திருக்கும். பக்கத்து வரிசையோடு முனை சேராது. வெட்டியபின் இணைக்கும் எல்லா வேலையிலும் பிழை இப்படித்தான் சேர்ந்துகொண்டே போகும். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் இதற்கு வேறு வழி கண்டார்கள். இணைப்பைக் கடைசிக்கு விடாமல் ஒவ்வோர் ஊடையிலும், அதாவது குறுக்கு இழையிலும், செய்துவிடுவதுதான் அந்த வழி. அதற்குக் கோர்வை என்று பெயர்.

சாதாரணச் சேலையில் ஒரே நாடா இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை ஓடும். உடலின் பச்சை ஊடை கரையின் சிவப்புப் பாவுக்குள்ளும் புகுவதால் சிவப்பு மங்கிவிடும். கோர்வையில் நாடா மூன்று: உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் ஒவ்வொன்று. கரையின் ஊடை எல்லைவரை வந்து, உடலின் ஊடையைக் கொக்கிபோலப் பற்றித் திரும்பும். அதனால்தான் கரை கலப்பில்லாத நிறத்தில் நிற்கிறது. மறுபக்கக் கரையின் நாடாவைத் துணையாள் வீசுவார். இழை இறுகினால் அங்கே துணி சுருங்கும், தளர்ந்தால் இடைவெளி விழும். பிழை அந்த ஊடையிலேயே தெரிந்துவிடுவதால் அப்போதே திருத்தலாம். முந்தி வேறு நிறமானால் புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகக் கையால் பிணைக்க வேண்டும், அது பிட்னி. கோர்வையின் துல்லியம் அளவுகோலைவிட இருவர் கையின் ஒத்த இழுவிசையில்தான் இருக்கிறது என்பேன்.

பாவு இழைகளைத் தானே தூக்கும் ஜக்கார்டுப் பொறி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். ஜக்கார்டு எந்தப் பாவு இழை எழ வேண்டும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. ஊடையின் நிறத்தைக் கரையில் மாற்றித் தராது. இணைப்பில் தெரியும் சிறு பல்வரிசையைக் குறை என்பதும் தவறு, பூட்டு இருக்கும் இடமே அதுதான். 1937-இல் கலாக்ஷேத்ராவில் நெசவுக்கூடம் தொடங்கிய நடனக் கலைஞர் ருக்மிணி தேவி, அகலக் கரைச் சேலைகளுக்கு இந்த நெசவையே நம்பினார். ஆனால் ஓர் ஆட்சேபத்தை நான் மறுக்க மாட்டேன். துணையாள் வேலையில் ஒரு காலத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். அதற்கு எந்த அழகும் சமாதானமாகாது. இரண்டாவது ஆளுக்கும் வளர்ந்தவருக்குரிய கூலி சேலையின் விலையில் இருக்கத்தான் வேண்டும். கோர்வை என்று சொல்லி விற்றால் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடலின் நிறம் அதற்குள் ஓடாமல் இருந்தால், இரண்டு பேருக்கான விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.