இரண்டு மருந்து ஒன்றைவிட மேலா?

தர்மபுரிப் பக்கம் மழையில் நனைந்த வைக்கோல் போரைப் பிரித்தாலும், மூட்டையிலேயே முக்கிப்போன ராகியைக் கொட்டினாலும், கண்ணுக்குத் தெரியாத பூசண வித்துகள் காற்றில் கிளம்பும். தினமும் அவற்றைச் சுவாசிக்கிறோம். நுரையீரலில் காவலிருக்கும் வெள்ளணுக்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிடுவதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ரத்தப் புற்றுநோய்க்குக் கடுமையான கீமோ ஏற்றியவரிடம் அந்தக் காவல் சில வாரங்களுக்கு ஏறக்குறைய இருக்காது. அப்போது அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்து ஒன்று முளைத்தால் நூல்நூலாக நீண்டு ரத்தக் குழாயைத் துளைத்து அடைத்துவிடும். 2021இல் கொரோனாவுக்குப் பின்னால் வந்து நாட்டையே கலங்கடித்த கருப்புப் பூஞ்சை வேறு இனம், மருந்தும் வேறு. இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

இப்படிப்பட்ட நோயாளிக்கு ஒரு மருந்துக்கு இரண்டாகக் கொடுத்தால் என்ன? யோசனை நியாயமானதே. வோரிகோனசோல் என்ற மருந்து பூஞ்சையின் சவ்வு உருவாவதைத் தடுக்கிறது. அனிடுலாஃபங்கின் என்ற மருந்து அதற்கு வெளியே உள்ள சுவரைக் கெடுக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் நோயாளிகளைப் பற்றி 2002இல் வெளியான ஆய்வில், பழைய மருந்தான ஆம்போடெரிசின் பெற்றவர்களில் 57.9 சதவீதம் பேர் 12 வாரம் கழித்து உயிரோடிருந்தார்கள். வோரிகோனசோல் பெற்றவர்களில் 70.8 சதவீதம். அதன்மேல் அனிடுலாஃபங்கினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. ஆறு வாரத்தில் இறந்தவர்கள் ஒற்றை மருந்தில் 27.5 சதவீதம், கூட்டு மருந்தில் 19.3 சதவீதம். பெரிய வித்தியாசம்போலத் தெரிகிறது. ஆனால் அது தற்செயலாக வந்ததல்ல என்று புள்ளியியல் உறுதி சொல்லவில்லை. காலாக்டோமன்னன் என்ற பூஞ்சைப் பொருள் பரிசோதனையில் தென்பட்டு, அதை வைத்து நோய் கணிக்கப்பட்டவர்களிடம் மட்டும் பலன் தெளிவாக இருந்தது: 27.3க்கு எதிராக 15.7. அதனால்தான் 2016இன் அமெரிக்க வழிகாட்டுதல் கூட்டு மருந்தை எல்லோருக்கும் பரிந்துரைக்காமல், சிலருக்குப் பரிசீலிக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொண்டது. இதைப் பயந்த முடிவு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு நேர்மையான முடிவாகவே படுகிறது.

காசநோய்க்கு நான்கு மருந்து சேர்த்துத் தருகிறார்களே என்ற கேள்வி வரும். அங்கே மாதக்கணக்கில் சிகிச்சை நடக்கும். ஒரே மருந்தென்றால் அதற்கு மசியாத கிருமிகள் மட்டும் மிஞ்சிப் பெருகும். அதைத் தடுக்கத்தான் கூட்டு. பூஞ்சையில் முதல் சிக்கல் நேரமும் இன்னும் திரும்பி வராத வெள்ளணுக்களும்தான். சாவு வாசலில் நிற்கும்போது ஒன்றைக் கூடச் சேர்ப்பதால் என்ன கெட்டுவிடும் என்பது அடுத்த கேள்வி. கருப்புப் பூஞ்சைக்கு ஆம்போடெரிசினோடு, இரும்பைப் பிடித்துவைக்கும் டெஃபராசிராக்ஸை 20 பேரிடம் சோதித்தார்கள். இரும்பில்லாமல் பூஞ்சை பட்டினி கிடக்கும் என்பது கணக்கு. 90 நாளில் அதைப் பெற்ற பிரிவில் 82 சதவீதம் பேரும், பெறாத பிரிவில் 22 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பெற்றவர்களில் புற்றுநோயும் இருந்தவர்கள் கூடுதல் என்பதையும் சொல்லவேண்டும். என்றாலும், சேர்த்தால் நல்லதுதான் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு குட்டு. புற்றுநோய்க் குழந்தைகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தைக் கல்லீரல் சிதைப்பதை வோரிகோனசோல் தடுப்பதால், அது உடம்பில் தேங்கி நரம்பைக் கெடுக்கும், குடலை முடக்கும்.

மறுபக்கம், இந்தியாவில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 287 கருப்புப் பூஞ்சை நோயாளிகளைப் பல மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, ஒரு மருந்துக்குப் பின் அடுத்ததாக வரிசையாகக் கொடுத்தது உயிர்காக்க உதவியது தெரிந்தது. ஆனாலும், சேலத்துக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ போய்க் கீமோ ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்குத் திரும்புகிற நோயாளிக்கு இரண்டாவது மருந்தைவிடச் சரியான முதல் மருந்து சீக்கிரம் கிடைப்பதே பெரிது. வோரிகோனசோல் கருப்புப் பூஞ்சையை ஒன்றும் செய்யாது. எந்தப் பூஞ்சை என்று தெரியாமல் அதையே ஏற்றிக்கொண்டிருந்தால் நாள்தான் போகும். கருப்புப் பூஞ்சை நோய் கண்ட ரத்தப் புற்றுநோயாளிகளில், ஆம்போடெரிசினை ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் 82.9 சதவீதம் பேர் 12 வாரத்துக்குள் இறந்ததாக ஹூஸ்டன் ஆய்வு காட்டியது; முன்பே தொடங்கியவர்களில் 48.6. ஆகவே கீமோவுக்குப் பின் காய்ச்சல் வந்தால் மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்பவேண்டும். ஆன்டிபயாட்டிக் ஏற்றியும் காய்ச்சல் தணியாவிட்டாலோ, நெஞ்சுவலியோடு ரத்தம் கலந்த சளி வந்தாலோ, நெஞ்சு சிடி ஸ்கேன் எப்போது எடுப்பார்கள் என்று கேட்பதில் தவறில்லை. கையில் இருக்கவேண்டியது எந்தக் கீமோ, எந்தத் தேதியில் ஏறியது என்று எழுதிய சீட்டு.