செங்கல்லும் குதிகாலும்

பொழுது புலர்ந்து படுக்கையை விட்டெழுந்து முதல் அடியைத் தரையில் ஊன்றிய கணத்திலேயே குதிகாலின் உட்புறத்தில் ஆணி அறைந்தாற்போல் சுரீரென வலி பாய, சுவரைப் பிடித்தபடி பத்துப் பதினைந்து அடி நொண்டி நடந்தபின் அது சற்றே தணிவதைக் கண்டு, சரியாகிவிட்டதென்று எண்ணி வேலைக்குப் புறப்பட்டுவிடுகிற மனிதர்கள் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அநேகர். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவின் புடவைக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே துணி விரித்துக் காட்டும் பெண்களும், பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறுகிறவர்களும், காவலாளிகளும், ஆசிரியைகளும் இந்த வலியை நன்கு அறிவார்கள்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியார் இதனைக் குதிவாதம் என்பார். செங்கல்லை அடுப்பில் சூடேற்றி, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதிகாலை ஒற்றி ஒற்றி எடுப்பதே அவர் கண்ட சிகிச்சை. அந்தச் சூட்டில் சுகம் இருந்தது உண்மை. நோய் தீராமல் மாதக்கணக்கில் அவர் நொண்டியதும் உண்மை.

காரணம் பாதத்தின் அமைப்பில் இருக்கிறது. குதியெலும்பின் அடியில் உட்பக்கமாகத் தொடங்கி, விசிறிபோல் விரிந்து ஐந்து விரல்களின் அடிவரை செல்லும் உறுதியான நார்ப்பட்டை ஒன்று உள்ளங்காலின் வளைவைத் தாங்குகிறது. நடையில் குதிகால் மேலெழுந்து விரல்கள் பின்னோக்கி மடங்கும்போது, கப்பலில் நங்கூரச் சங்கிலியை உருளையில் சுற்றி இழுப்பதுபோல் அந்தப் பட்டை விரலடி மூட்டுகளைச் சுற்றி இழுபட்டு, பாதத்தின் வளைவை உயர்த்தி, தளர்ந்திருந்த பாதத்தை உந்தித் தள்ளும் நெம்புகோலாக இறுக்கிவிடுகிறது. 1954இல் ஹிக்ஸ் என்ற ஆங்கில அறிஞர் இதை விளக்கிக் காட்டினார். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை இழுபடும் அந்த நார், கெண்டைக்கால் தசை விறைத்திருந்தாலோ, உடல் எடை மிகுந்திருந்தாலோ, கடினமான தரையில் நெடுநேரம் நிற்க நேர்ந்தாலோ, குதியெலும்பில் பற்றியிருக்கும் இடத்தில் நைந்துபோகிறது. இரவெல்லாம் பாதம் கீழ்நோக்கித் தொய்ந்து, பட்டை சுருங்கிய நிலையில் கிடப்பதனால்தான் காலையின் முதல் அடி அத்தனை கொடியதாகிறது.

வைத்திய நூல்கள் இதற்கு இட்ட பெயர் 'பிளான்டார் ஃபேசியைடிஸ்'. அப்பெயரின் ஈற்றசை அழற்சியைக் குறிப்பது. ஆனால் 2003இல் லெமன்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், அறுவைச் சிகிச்சையில் எடுத்த 50 பேரின் நார்த்துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அழற்சியின் அடையாளத்தைக் காணவில்லை. நார் சிதைந்து, ஒழுங்கு குலைந்து கிடந்ததையே கண்டார்கள். இதை நான் வெறும் பெயர்த் தகராறாக நினைக்கவில்லை. எரிகிற நெருப்பென்றால் அணைக்க வேண்டும். நைந்த கயிறென்றால் புதிதாக முறுக்கேற்ற வேண்டும். மாத்திரையும் ஊசியும் நெருப்பணைக்கும் உபாயங்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நிவாரணம் தரினும், அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் நார் அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலிந்துபோகவும் கூடும்.

எக்ஸ்ரே படத்தில் தெரியும் 'எலும்பு முள்'ளைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. வலியே இல்லாதவர்களிடமும் அந்த முள் இருக்கிறது.

நைந்த நாருக்கு முறுக்கேற்றும் வழி எளியது, பொறுமை கோருவது. காலையில் தரையை மிதிப்பதற்கு முன்பே, வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பற்றிக் கணைக்காலை நோக்கி வளைத்துப் பத்து வினாடி பிடித்துப் பத்து முறை இழுப்பதும், அதையே நாளில் மூன்று வேளை செய்வதும் முதல் படி. அடுத்தது, டென்மார்க்கில் ராத்லெஃப் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோதித்து 2014இல் வெளியிட்ட பயிற்சி: ஒரு படிக்கட்டின் விளிம்பில், விரல்களுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, ஒற்றைக் காலில் நின்று, மூன்று வினாடியில் குதிகாலை உயர்த்தி, இரண்டு வினாடி நிறுத்தி, மூன்று வினாடியில் இறக்குவது, ஒருநாள் விட்டு ஒருநாள், பலம் ஏற ஏறச் சுமையும் ஏற்றி. மூன்றாம் மாத முடிவில், மேற்சொன்ன இழுப்புப் பயிற்சியை மட்டும் செய்தவர்களைவிட இவர்கள் தெளிவாக மேம்பட்டிருந்தார்கள். ஓராண்டு கழிந்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையை அடைந்திருந்தார்கள். ஆகவே, குணமடையும் காலத்தைச் சுருக்கிக்கொள்ளும் முயற்சி என்றே இதனைக் கருதலாம். வீட்டிற்குள்ளும் பளிங்குத் தரையில் வெறுங்காலுடன் நடக்காமல், தேய்ந்துபோன சிலிப்பரைத் தூக்கியெறிந்துவிட்டுக் குதிகாலுக்கு மெத்தென்றிருக்கும் செருப்பை அணிவதும் அவசியம். பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் நிலையங்களில் கெண்டைக்காலைப் பிடித்துவிடச் சொன்னால் இறுக்கம் தளரும். அது இதமே தவிர சிகிச்சையன்று.

பாட்டியாரின் செங்கல்லையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்கள் சூடான செங்கல்லின் பக்கமே போகலாகாது. தோல் வெந்துபோவது அவர்களுக்குத் தெரியாது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது; இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். மரத்துப்போதலும் எரிச்சலும் இருந்தால், அல்லது படுத்திருக்கும்போதும் வலி விடாவிட்டால், இது வேறு நோயாக இருக்கக்கூடும். தாமதமின்றி டாக்டரைக் காண வேண்டும்.

தைப்பூசத்தையொட்டிக் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோவிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்தின் பின்னே, பத்துமலை வரை ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடந்து, பிறகு 272 படிகளையும் ஏறுகிறவர்களில் பலர், ஆண்டு முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்தவர்கள். திடீரென்று ஏற்றும் சுமையை நார் பொறுப்பதில்லை. தீபாவளிக்கும் தைப்பூசத்திற்கும் இடையே ஏறக்குறைய மூன்று மாதங்கள் கிடைக்கின்றன. குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைத் தீபாவளி மறுநாளே தொடங்கலாம். அடுக்குமாடி வீட்டின் கடைசிப் படியும் ஒரு துண்டும் அதற்குப் போதும்.