பொறாமையும் வஞ்சகமும்: ஒதெல்லோ நாடகமும் கண்டியரசின் வீழ்ச்சியும்

மனத்தெழுங் குற்றங்களுட் பொறாமை, பிறர்க்குத் தீங்கு செய்யுமுன் தன்னை உடையானையே கெடுக்குந் தன்மையது. இதுபற்றியே வள்ளுவர் அழுக்காறாமைக்குத் தனியதிகாரம் வகுத்தார். பொறாமை நேர்நின்று பொரும் ஆற்றலற்றது. ஆதலின் அது வஞ்சகத்தைத் துணைக்கொள்ளும். வஞ்சகமோ நம்பிக்கையுள்ள இடத்தன்றிப் பிறிதோரிடத்துப் பலியாது. ஆதலின் அது துரோகமாய் முடியும். இம்மூன்றும் ஒன்றையொன்று தொடரும் நெறியை மேடையிலே காட்டியவருள் ஆங்கில நாடகப் பெரும்புலவர் சேக்ஸ்பியர் முதன்மையானவர். அவர்தம் ‘ஒதெல்லோ’ நாடகத்தைக் கண்டியின் இறுதியரசன் வரலாற்றோடு வைத்து நோக்கின், நாடகம் வரலாற்றையும் வரலாறு நாடகத்தையும் விளக்குதல் காணலாம்.

இந்நாடகம் 1604ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி இலண்டன் வைற்ஹோல் அரண்மனையில் ஆடப்பட்டது, 1622இல் அச்சேறியது. 1565இல் வெளிவந்த இத்தாலியக் கதையொன்று இதற்கு முதனூலாகும். வெனிஸ் நாட்டுப் படைத்தலைவனான ஒதெல்லோ கருநிறத்தினன், வேற்றுநாட்டான். அவன் வீரத்தை விரும்பித் தெஸ்டெமோனா என்னும் பிரபுமகள் தந்தை அறியாது அவனை மணந்தாள். தனக்குக் கிடைக்கவேண்டிய துணைத்தலைவர் பதவி காசியோவுக்குக் கிடைத்தமையால் அழுக்காறு கொண்ட இயாகோ, காசியோவையுந் தெஸ்டெமோனாவையும் இணைத்துப் பழிதூற்ற எண்ணினான்.

இயாகோ உண்மைகளையுந் திரித்துப் பயன்கொள்ளுந் திறம் நுணுகி நோக்கத்தக்கது. தெஸ்டெமோனா தந்தையை மறைத்து மணந்தது உண்மை. ஒதெல்லோ வெனிஸ் மக்களின் வழக்கங்களை முற்றும் அறியாதவன் என்பதும் உண்மை. பதவியிழந்த காசியோவுக்காக அவள் பரிந்து பேசியதும் உண்மை. இம்மூன்றையும் ஒரு சரட்டிலே கோத்து, கேட்பவன் தானே பொய்யை முடித்துக்கொள்ளுமாறு விட்டு, அவன் ஒதுங்கிநிற்கின்றான். கண்ணாற் காணுஞ் சான்று வேண்டுமென ஒதெல்லோ கேட்டபோது, அவனுக்குக் கிடைத்தது ஒரு கைக்குட்டையே. 1693இல் தோமஸ் றைமர் என்னும் திறனாய்வாளர், ஒரு கைக்குட்டைக்காக இத்துணைப் பெருந்துன்பமா என எள்ளினார். ஆயினும், சான்றின் சிறுமையே ஈண்டுப் பொருள். ஐயம் முற்றிய நெஞ்சுக்கு மலையளவு சான்று வேண்டுவதில்லை. சைப்பிரசுத் தீவில் நிகழ்வன யாவும் ஏறக்குறைய இரண்டே நாளில் முடிந்துவிடுகின்றன. ஆராய்தற்குரிய காலத்தை இயாகோ கொடுக்கவில்லை, ஒதெல்லோ எடுத்துக்கொள்ளவுமில்லை.

தமிழர்க்கு இது புதியதன்று. சிலப்பதிகாரத்தில் அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன், கோவலன் கையிலிருந்த சிலம்பைக் காட்டி அவனையே கள்வனாக்கினான். பாண்டியனும் ஆராயாது ஆணையிட்டான். ஆங்குச் சிலம்பு; ஈங்குக் கைக்குட்டை. உண்மை வெளிப்பட்டவுடன் பாண்டியன் அரியணையிலேயே உயிர்நீத்தான். ஒதெல்லோ தன்னைத்தானே குத்தி வீழ்ந்தான். பெருந்தகைமையுடையார்க்குத் தம் பிழையுணர்ச்சியே தண்டமாதல் இரண்டிடத்தும் ஒக்கும்.

இனிக் கண்டியை நோக்குவோம். 1739ஆம் ஆண்டு தொடங்கிக் கண்டியரியணை மதுரை நாயக்கர் உறவினர் வசமாயிற்று. 1798இல் இராசாதிராசசிங்கன் மறைந்தபின், முதலாம் அதிகாராகிய பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்னும் பதினெட்டாண்டு இளைஞனை அரசனாக்கினான். அவனே ஸ்ரீவிக்கிரமராசசிங்கன். அரசனாக்கியது அன்பினாலன்று, இளைஞனை முன்னிறுத்தித் தானே ஆளலாம் என்னும் கருத்தினாலாம். ஆங்கிலத் தேசாதிபதி நோர்த்தோடு பிலிமத்தலாவை மறைவிற் பேசியது இதனை வலியுறுத்தும். அரசன் தன்விருப்பப்படி ஆளத்தொடங்கியதும் பகை முற்றியது. பிலிமத்தலாவை இறுதியிற் கொலைத்தண்டம் பெற்றான். அவனுக்குப் பின் முதலாம் அதிகாராகிய எகெலப்பொலையும் கொழும்பிலிருந்த ஜோன் டொயிலி என்னும் ஆங்கில அலுவலரோடு மறைவில் ஓலைத்தொடர்பு வைத்திருந்தான்.

ஒதெல்லோவைப் போலவே ஸ்ரீவிக்கிரமராசசிங்கனும் தான் ஆண்ட மக்களிடையே பிறப்பால் வேற்றவன். அரியணையில் இருந்தும் அவையிலுள்ளார் நெஞ்சை முற்றும் அறியவியலாத நிலை அவனுடையது. இத்தகையோன் உள்ளத்தில் ஐயத்தை வளர்ப்பது எளிது. ஆயின் வேறுபாடு ஒன்றுண்டு. ஒதெல்லோவின் ஐயம் பொய். கண்டிவேந்தன் ஐயமோ பெரும்பாலும் மெய். பிரதானிகள் அவனை வீழ்த்தச் சூழ்ந்தனர் என்பதில் தடையில்லை. அங்ஙனமாயின் அவன் எங்ஙனம் தவறினான்?

1814இல் சப்ரகமுவவிலிருந்து எகெலப்பொலை கிளர்ச்சி செய்து, தோற்று, ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தான். மாகாணத்தை ஆளச்செல்லும் பிரதானியின் குடும்பம் தலைநகரிற் பிணையாய் இருத்தல் கண்டி வழக்கு. எகெலப்பொலை தப்பினான், மனைவி மக்கள் பிணையிலிருந்தனர். அரசன் அவர்களைக் கொல்வித்தான். மூத்தவன் அஞ்சி நின்றபோது, இளையவனாகிய மத்தும பண்டார தானே முன்வந்து தலைகொடுத்தான் என்பது இன்றும் வழங்குஞ் செய்தி. ஐயம் மெய்யாயிருப்பினும் தண்டம் குற்றமற்றார்மேற் சென்றது. ஈண்டே அரசன் ஒதெல்லோவின் நிலையை அடைந்தான். தெஸ்டெமோனாவின் குருதியும் அம்மழலைகளின் குருதியும் ஒருதன்மையன.

இக்கொலையால் மக்கள் மனம் அரசனைவிட்டு நீங்கிற்று. இதனைக் கருவியாகக்கொண்ட தேசாதிபதி பிறவுண்றிக், கொடுங்கோலனிடமிருந்து மக்களை மீட்பதாகப் பறைசாற்றிப் போர்தொடுத்தார். 1815ஆம் ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியில் ஆங்கிலப் படை கண்டியுட் புகுந்தது. அதற்குமுன் அரசன் தும்பறைப் பகுதிக்குத் தப்பியோடினான். பன்விலவும் அயலூர்களும் அமைந்த இம்மலைநாட்டிலே, மெதமகாநுவர என்னுமிடத்திற்கு அருகே, பெப்ரவரி 18ஆந் திகதி அவன் பிடிபட்டான். பிடித்தவர் ஆங்கிலேயரல்லர், அவன் குடிகளாயிருந்த எக்னெலிகொடையின் ஆட்களே. மார்ச்சு 2ஆந் திகதி உடன்படிக்கை எழுதப்பட்டது. அரசன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

வஞ்சித்தோர் பெற்ற பயன் யாது? அரியணை தனக்கே என நம்பிய எகெலப்பொலைக்கு அது கிட்டவில்லை. முதலாம் அதிகார் பதவியும் மொல்லிகொடையிடமே நின்றது. 1818இல் அவன் ஐயத்தின்பேரிற் சிறைப்பட்டான். 1825இல் மொரீசியசுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் ஆங்கு மாண்டான். ஒருவனுக்கு இயாகோவாய் நின்றவன் மற்றொருவர்க்கு ஒதெல்லோவாய் ஏமாந்தான். இந்நுட்பம் நாடகத்திற் கூட இல்லை.

இன்னுமொன்று கருதத்தக்கது. நாடகத்தில் இயாகோவின் மனைவி எமிலியா, தன்னுயிரையும் பொருட்படுத்தாது உண்மையைக் கூறித் தெஸ்டெமோனாவின் பழியைத் துடைக்கின்றாள். கண்டிவேந்தனுக்கு அத்தகைய சான்றாளர் அன்று வாய்க்கவில்லை. அவன் உருவத்தைப் பின்வந்தோர்க்கு வரைந்தளித்தவருட் பெரும்பாலார் அவனை வென்றவரே. பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 2017இல் வெளியிட்ட நூல், அவ்வுருவத்தையும் டொயிலியின் சூழ்ச்சியையும் மீள ஆராய்கின்றது. இதனால் அரசன் குற்றமற்றவனாகான். எனினும் அவன் குற்றத்தோடு பிறர் குற்றமும் எடைபோடப்படும். எகெலப்பொலையின் கதை சிங்கள நாடக மரபிலும், கண்டியரசன் கதை தமிழ் மேடையிலும் ஆடப்பட்டுள்ளன. அவற்றைக் காண்போர், கொடியவன் இவன், நல்லவன் அவன் என ஒரே சொல்லில் முடித்தல் எளிது. அங்ஙனம் முடித்தல் ஒரு கைக்குட்டையைக் கண்டு தீர்ப்புரைத்தலை ஒக்கும்.

வள்ளுவர் அழுக்காறாமையோடு நில்லாது, தெரிந்துதெளிதல், கூடாநட்பு என்னும் அதிகாரங்களையும் அமைத்தார். பொறாமை கொள்ளாதிருத்தல் ஒருவன் தன்னளவிற் காக்கும் அறம். பிறர் பொறாமைக்குக் கருவியாகாதிருத்தல் அதனினும் அரிய அறம். இயாகோக்கள் எந்நாட்டினும் எக்காலத்தும் உளர். அவர்தம் சொல் பலிப்பதும் பலியாததும் கேட்பவன் ஆராய்ந்து தெளிவதையே பொறுத்தது. அரசனுக்கு மட்டுமன்று, ஆசானுக்கும், பெற்றோர்க்கும், நண்பர்க்கும் இது பொருந்தும். செவியில் விழுந்த பழிச்சொல்லுக்கும் கைசெய்யுஞ் செயலுக்குமிடையே சிறிதுகாலம் பொறுத்து வினவியிருப்பின், சைப்பிரசில் ஒரு மனைவியும், மதுரையில் ஒரு கணவனும் உயிர்பிழைத்திருப்பர். தந்தையின் குற்றத்துக்கு மக்கள் பொறுப்பாவரோ என ஒருகணம் எண்ணியிருப்பின், கண்டியிலே சில குழந்தைகளும் பிழைத்திருப்பர்.