பாட்டு கட்டியவரிடம் என்ன சொல்வது?

ஆடி பிறந்தால் பெரியபாளையத்து பவானி அம்மனுக்குப் புதுப் பாட்டு வேண்டும். கிருத்திகைக்குத் திருத்தணி முருகனுக்கு வேண்டும். ஊத்துக்கோட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஷிஃப்ட் முடிந்து வரும் ஓர் இளைஞர் சொந்தமாக மெட்டுப் போட்டு, செல்போனில் பாடிப் பதிந்து, கேள்வி ஞானம் உள்ள ஒருவருக்கு அனுப்பிவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "எப்படிண்ணே இருக்கு?" "சூப்பர் தம்பி." அதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த இடம் இடறுகிறது என்று யாரும் சொல்லாததால், அடுத்த பாட்டிலும் அதே இடறல் வரும்.

குறை சொல்வதிலும் ஒரு பக்குவம் தேவை. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையே (1815–1876) அதில் ஒருமுறை சறுக்கியிருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'க்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு மாயூரத்தில் அவரிடம் போனார். இசையில் பாரதியார் பெரிய வித்வான். ஆனால் பாட்டில் இலக்கணப் பிழைகள் இருந்தன. பேச்சு வழக்கும் தாராளமாகக் கலந்திருந்தது. பிள்ளைக்கு மனம் ஒப்பவில்லை. பாரதியார் மறுபடி மறுபடி வந்தும் பாயிரம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் பிள்ளை ஓய்வாக இருந்த நேரத்தில், காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனையைப் பாடத் தொடங்கினார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை உருகிப்போனார். பாயிரமும் கிடைத்தது. இருவரிடமும் பழகிய உ.வே.சாமிநாதையர் இதை எழுதிவைத்திருக்கிறார்.

பிள்ளை கண்ட பிழைகள் பொய்யல்ல. ஆனால் பாட வேண்டியதை அவர் முதலில் படித்துப் பார்த்தார். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, அதன் பிறகே தாளைக் கையில் எடுப்பதுதான் சரியான வரிசை. உருகியதோடு நின்றுவிடுவதும் பாட்டு கட்டியவருக்கு உதவாது.

இரண்டாவது தடவை கேட்கும்போது இடம் சுட்டிப் பேச வேண்டும். 'தணிகை மலை' என்ற சொற்களில் 'ம' தாளத்தின் எடுப்பில் விழுந்து இரண்டு அட்சரம் நீண்டால், கேட்பவர் காதில் 'மாலை' என்றுதான் விழும். புதிதாக மெட்டமைப்பவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. "சாகித்தியம் சரியில்லை" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "அந்தக் குறிலை நீட்டாதே, அடுத்து வரும் 'லை'யில் நின்று கார்வை கொடு" என்றால் அன்றைக்கே திருத்திவிடுவார்.

சுருதியும் அப்படித்தான். தனியாகப் பாடும்போது ஐந்து கட்டையில் சரணம் ஜோராக மேல் ஸ்தாயிக்கு ஏறும். அதே பாட்டைப் பஜனையில் இருபது பேர் சேர்ந்து பாடினால் பாதிப் பேர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். மெட்டில் கை வைக்கத் தேவையில்லை. "ஒரு கட்டை இறக்கி எடுத்துப் பார்" என்றால் போதும்.

மெட்டைத் தாங்களே மாற்றிப் பாடிக்காட்டும் ஆசை பெரியவர்களுக்கு வருவது இயல்பு. அதை அடக்கிக்கொள்வதே நல்லது, ஏனென்றால் அப்படி மாற்றிய பிறகு அது அந்தப் பையனின் பாட்டாக இருக்காது. பல்லவி நன்றாக அமைந்திருந்தால், எந்தச் சங்கதி பிடித்தது என்று அவரிடம் பாடியே காட்டலாம். அடுத்த பாட்டுக்கு உட்காரும்போது எதை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே.