தட்டுக்குக் கணக்குண்டு, செவிக்கு?

ஜப்பான் தேசத்தில் எந்தப் பாட்டுக்கு முதல் ஸ்தானம் என்பதை 1968 முதல் 'ஓரிகான்' ஜாபிதா வாரந்தோறும் அறிவித்து வருகிறது. கடைகளில் விற்ற இசைத்தட்டுகளின் எண்ணிக்கையே நெடுங்காலம் அதற்கு ஆதாரம்.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 2009-ல் 'ஏ.கே.பி. 48' என்னும் பெண்கள் கோஷ்டியின் தட்டுடன் வாக்குச் சீட்டையும் சேர்த்து விற்றார்கள். அபிமானப் பாடகிக்கு வாக்களிக்க ஒரே ரஸிகர் பல தட்டுகள் வாங்கலானார். தட்டுகள் பல, கேட்ட செவிகளோ இரண்டே!

2008-ல் தோன்றிய 'பில்போர்டு ஜப்பான்' ஜாபிதா வானொலியையும், பிற்பாடு இணையத்தில் கேட்போரையும் கணக்கில் சேர்த்தது. அதன் பலனாக 2020-ல், தனித் தட்டாக வெளிவராத 'யோஅஸோபி' குழுவின் பாட்டொன்று அவ்வாண்டின் முதலிடம் பெற்றது.

மார்க்கைக் கொண்டு அறிவை அளக்கும் நம் போன்ற உபாத்தியாயர்களுக்கும் இதில் பாடம் உண்டு: எதை எண்ணுகிறோமோ, அதுவே பெருகும்.